கரட் பாத்தியும் லெப்டினன்ட் கொலம்போவும்

எங்கள் மாமா தேயிலை ஸ்டோரில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அரைத்த கொழுந்து போதுமான அளவுக்குப் புளித்துவிட்டதா என்பதைக் கடிகாரம் பார்க்காமல் மூக்கை வைத்தே சொல்லிவிடுவார். "இந்த மூக்கு மட்டும் லண்டன்ல பொறந்திருந்தா ஸ்கொட்லண்ட் யார்டுல கூப்பிட்டு வேலை குடுத்திருப்பான்" என்பது அவருடைய நெடுநாள் மனக்குறை. அங்கே மோப்ப நாய்க்குத்தான் அந்த வேலை என்று அத்தை சொல்வார்.

மாமாவுக்கு இந்தத் துப்பறியும் பைத்தியம் பிடித்தது எண்பதுகளின் கடைசியில். 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி ஆரம்பித்து, பிதுருதலாகல உச்சியில் கோபுரம் வைத்து நாடு முழுக்கப் படம் காட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்களோ அந்த மலையின் முதுகுப் பக்கம். மூங்கில் கழியில் கட்டிய அன்டனாவை ஒருவர் கூரையேறித் திருப்ப, இன்னொருவர் வாசலில் நின்று "வருது, வருது... போச்சு" என்று கத்த, கடைசியில் செய்தி வாசிப்பவர் இரண்டு தலையோடு வந்து சேர்வார். லயங்களில் கரண்ட் கிடையாது. பெட்டரியை டவுனுக்குத் தூக்கிப் போய் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்துதான் டிவி பார்ப்பார்கள். மாமாவுக்கு குவார்ட்டர்ஸ் இருந்ததால் கரண்ட் இருந்தது. கரண்ட் இருந்ததால் ஒரு வீடியோ டெக்கும் இருந்தது.

லண்டனில் இருந்த அவருடைய தம்பி, அங்கே டிவியில் போகிற துப்பறியும் நாடகங்களைப் பதிந்து, யாராவது ஊருக்கு வந்தால் அவர்கள் பெட்டியில் சோப்புக் கட்டிகளோடு திணித்து அனுப்புவார். கசெட்டுகளில் சோப்பு வாசம் அடிக்கும். படம் போடுகிற நாளில் ஜன்னல் வரைக்கும் ஆள் நிற்கும். மொழிபெயர்ப்பு மாமாதான். ஷெர்லொக் ஹோம்ஸ் மூச்சு விடாமல் இரண்டு நிமிஷம் இங்கிலீஷில் பொரிந்து தள்ளுவார். மாமா திரும்பி, "கொன்னது இவன் இல்லையாம்" என்பார். அவ்வளவுதான். ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஹோம்ஸாக நடித்த ஜெரமி பிரெட்டை மாமா "நம்மாளு" என்பார். காரணம், அந்த மனிதர் ஹோம்ஸ் எப்படி உட்காருவார், எப்படிச் சாப்பிடுவார், எதற்குச் சிரிப்பார் என்று 77 பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக் கையில் வைத்துக்கொண்டு நடித்தவர். ஸ்டோரில் மாமாவும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். 1984இலிருந்து 1994 வரை பத்து வருஷம் அந்த வேஷத்திலேயே இருந்து, அடுத்த வருஷமே காலமாகிவிட்டார் பிரெட். அந்தச் செய்தி எங்களுக்கு வந்து சேர்ந்தது லண்டன் தம்பியின் கடிதத்தில், குடும்ப விசேஷங்களுக்கும் முந்தி, முதல் வரியில்.

ஆனால் மாமாவின் உயிர் கொலம்போதான். (பஸ் ஏறிப் போகிற கொழும்பு இல்லை, லொஸ் ஏஞ்சலிஸ் பொலிஸ் லெப்டினன்ட்.) முதல் தடவை பார்த்தபோது அந்த ஆள் பொலிஸ் என்றே யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. கசங்கிய மழைக்கோட்டு, கையில் சுருட்டு, ஓட்டை உடைசலான ஒரு பெஜோ கார். எங்கள் பக்கம் கசங்கிய கோட்டுப் போட்ட ஆட்கள் சந்திக்கு நாலு பேர் நிற்பார்கள், யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கலிபோர்னியா வெயிலில் அதைக் கழற்றாமல் திரிந்ததுதான் மனிதரின் கெட்டித்தனம். பீட்டர் ஃபால்க் தன் சொந்தக் கோட்டைத்தான் போட்டுக்கொண்டு நடித்தாராம். அந்த அரைக்கண் பார்வையும் வேஷம் இல்லை. மூன்று வயதில் புற்றுநோய் வந்து வலது கண்ணை எடுத்துவிட்டார்கள், இருந்தது கண்ணாடிக் கண். பள்ளிக்கூட நாளில் பேஸ்போல் விளையாடும்போது தனக்கு அவுட் கொடுத்த நடுவரிடம் அந்தக் கண்ணைக் கழற்றி நீட்டி, "இது உங்களுக்குத்தான் தேவைப்படும்" என்றாராம். இந்தக் கதையை மாமா சொல்லாத கல்யாண வீடு எங்கள் சொந்தத்தில் கிடையாது.

கொலம்போவில் இன்னொரு விசேஷம் உண்டு. மற்ற நாடகங்களில் கொலைகாரன் யார் என்று கடைசியில்தான் தெரியும். இதில் தொடக்கத்திலேயே கொலையைக் காட்டிவிடுவார்கள். யார் செய்தது, எப்படிச் செய்தது எல்லாம் பார்க்கிற நமக்குத் தெரியும். அப்புறம்தான் கொலம்போ தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே வருவார். "என் வீட்டுக்காரி உங்க ரசிகை சார்" என்று எதையாவது அளந்துகொண்டே இருப்பார். அந்த வீட்டுக்காரியை ஒரு தடவைகூடக் காட்டியதில்லை. விசாரணை முடிந்து கிளம்பிவிட்டார் என்று கொலைகாரன் பெருமூச்சு விடும் நேரத்தில், வாசல் வரை போனவர் நெற்றியில் விரலை வைத்துக்கொண்டு திரும்பி வருவார். இன்னும் ஒரே ஒரு விஷயம். அவ்வளவுதான், ஆள் காலி. 1971இல் ஆரம்பித்த தொடரின் முதல் கதையை இயக்கியவர் யார் என்று பார்த்தால், அப்போது பையனாக இருந்த ஸ்பீல்பெர்க்.

அகதா கிறிஸ்டியின் துப்பறிவாளர் பொய்ரோவும் வந்தார். டேவிட் சுஷே 1989இலிருந்து 2013 வரை விடாமல் நடித்து 70 கதைகளை முடித்தவர். பொய்ரோவின் அந்தக் குறுகுறு நடை வருவதற்காக, பின்பக்கத்தில் ஒரு சில்லறைக் காசை இடுக்கிக்கொண்டு, அது விழாமல் நடந்து பழகினாராம். இதை எங்கோ படித்துவிட்டு, மாமா சாரத்தை வரிந்து கட்டி, ஐந்து ரூபாய்க் குற்றியோடு இஸ்தோப்பிலிருந்து தண்ணீர்ப் பீலி வரைக்கும் நடந்து பார்த்தார். நாலாவது அடியில் சிமெந்துத் தரையில் ணங் என்று ஒரு சத்தம். "உண்டியல் கோயில்லதான் இருக்கு" என்று அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

அத்தைக்குப் பிடித்தது ஒரே ஆள், 'மர்டர், ஷி ரோட்' தொடரில் துப்பறியும் எழுத்தாளராக வந்த ஏஞ்சலா லான்ஸ்பரி. 264 கதைகளில் கொலைகாரர்களைப் பிடித்துக் கொடுத்த அந்த எழுத்தாளர் அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது, சைக்கிள்தான். அது அத்தைக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரே ஒரு சந்தேகம் மட்டும் அவருக்குத் தீரவே இல்லை: "அந்தம்மா போற வீட்டுலயெல்லாம் ஒரு பொணம் விழுது. அப்புறமும் வெத்தல பாக்கு வச்சு அழைக்கிறானுங்களே, அவனுங்கள என்னா சொல்றது?" லான்ஸ்பரி அதில் நடித்த 12 பருவத்துக்கும் எம்மி விருதுக்குப் பெயர் போய், ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லை என்று மாமா சொன்னபோது, "பொம்பளை உழைப்புக்கு எங்கதான் கூலி குடுத்தானுங்க" என்று முடித்துவிட்டார். இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மாமா கந்தப்பளைப் பக்கம் சொந்த வீட்டில் இருக்கிறார். பின்னால் கொஞ்சம் தோட்டம்: லீக்ஸ், கோவா, கரட். டெக் செத்துப்போய்விட்டது. போனில் யூடியூப் இருக்கிறது. அங்கேதான் அவருக்கு கரம்சந்த் கிடைத்தார். 1985இல் தூர்தர்ஷனில் வந்த தொடர். பங்கஜ் கபூர் கறுப்புக் கண்ணாடியோடு, கரட்டைக் கடித்துக்கொண்டே கேஸை முடிப்பார். மாமாவுக்கு இந்தி ஒரு எழுத்துத் தெரியாது. கரட் தெரியும். அதிலிருந்து தினமும் காலையில் பாத்தியில் ஒன்றைப் பிடுங்கி, சாரத்தில் மண்ணைத் துடைத்து, நறுக்கென்று கடித்துக்கொண்டு மலையைப் பார்த்து நிற்பார். அந்த நேரத்தில் யாரும் அவரிடம் மின்சார பில்லைப் பற்றிப் பேசக்கூடாது.

போன மாசம் ஒருநாள் மாமா சீனி வருத்தத்துக்கு கிளினிக் போய்விட்டு மாலையில் வந்து பார்க்கிறார், கரட் பாத்தியில் பாதி வெறும் மண்.

நடந்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும். வீட்டு டிஷ்ஷுக்கு ரீலோட் தீர்ந்து, "யூடியூப் இருக்கே, எதுக்கு வீண் செலவு" என்று மாமா கையை விரித்துவிட்டதால், அத்தை தினமும் பக்கத்து வீட்டில் போய் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு மரக்கறி வேன் வந்தது. அத்தை கத்தியோடு தோட்டத்தில் இறங்கினார். பக்கத்து வீட்டுப் பொடியன் சாக்கைப் பிடித்தான். அந்த வீட்டு அக்கா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டே பார்த்தார். பால்கார அண்ணன் பார்த்தார். ஓட்டோக்காரர் ஓட்டோவை நிறுத்திவிட்டே பார்த்தார். நான் பஸ்ஸுக்கு நின்ற இடத்திலிருந்து பார்த்தேன். தெரியாத ஒரே ஆள் துப்பறிவாளர்தான்.

மாமா சும்மா விடவில்லை. அலுமாரியிலிருந்து ஸ்டோர் காலத்து மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். தையல் டேப்பை வைத்துக் கால்தடம் அளந்தார். முக்கால்வாசித் தடம் அவருடைய செருப்புத்தான். யோசிக்க வேண்டி வந்த நேரங்களில் மிச்சப் பாத்தியிலிருந்து ஒரு கரட்டைப் பிடுங்கிக் கடித்தார். தடயத்தைத் தின்றுகொண்டே விசாரணை நடத்திய முதல் ஆள் அவராகத்தான் இருப்பார்.

பால்கார அண்ணனுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அத்தை தேத்தண்ணிக் கோப்பையைக் கொஞ்சம் பலமாக வைத்ததும் விழுங்கிவிட்டார். பொடியனுக்கு மாமா டொபி கொடுத்து விசாரிக்க, அவன் நேராக அத்தையிடம் போய், டொபி வந்த கதையைச் சொல்லி, மாரி பிஸ்கட் ஒரு பக்கெட்டாகக் கூட்டிக்கொண்டான். என்னைக் கேட்டபோது, "நான் பஸ்ஸைத்தான் மாமா பார்த்துக்கிட்டு நின்னேன்" என்றேன். பஸ்ஸையும் பார்த்தேன்தான்.

இத்தனைக்கும் அன்று இரவிலிருந்தே வீட்டு டிவியில் அத்தையின் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் அழுகைச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே கதிரையைப் போட்டு உட்கார்ந்து மாமா குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். டிஷ் எப்படி உயிர் பெற்றது என்று கேட்கவே இல்லை. எங்களுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரிய வேலையாகிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே நின்று கொலம்போ பார்த்த சுகம் மறுபடி கிடைத்தது என்று ஓட்டோக்காரர் சொன்னார். அவர் அந்தக் காலத்து ஜன்னல் ஆள்.

போயா அன்று எல்லாருக்கும் அழைப்பு. பொய்ரோ பாணியில், சந்தேக நபர்கள் அனைவரும் இஸ்தோப்பில். பாய், பெஞ்சு, கவிழ்த்த வாளி என்று கிடைத்ததில் உட்கார்ந்தோம். அத்தை வடை சுட்டு பிளேன்டீயோடு பரிமாறினார். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. ஏஞ்சலா லான்ஸ்பரியிடம் அந்தப் பதவிசு கிடையாது.

மாமா எழுந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "காட்டுப்பன்னி வந்திருந்தா பாத்தியையே உழுது போட்டிருக்கும். முள்ளம்பன்னின்னா பாதி கடிச்சுப் போட்ட கரட் கெடக்கும். களவாணின்னா, பக்கத்துப் பாத்தியில லீக்ஸ் நிக்குது, அதை ஏன் தொடல?" நல்ல கேள்வி. எல்லாரும் வடையைப் பார்த்தோம். "அதனால, இது யாருன்னு கண்டுபுடிக்க முடியல. கேஸ் மூடியாச்சு. எல்லாரும் போயிட்டு வாங்க."

பக்கத்து வீட்டு அக்கா பெருமூச்சு விட்டது எனக்கே கேட்டது. மாமா வீட்டுக்குள் போக வாசற்படியில் கால் வைத்தார். அப்படியே நின்றார். விரல் நெற்றிக்குப் போனது.

"இன்னும் ஒரே ஒரு விஷயம். வேன்காரன் கிலோ என்னா வெலைக்கு எடுத்தான்?"

"280" என்றார் அத்தை, வடைத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

பொடியன்தான் முதலில் சிரித்தான். அப்புறம் யாரையும் நிறுத்த முடியவில்லை. அத்தை தட்டை வைத்துவிட்டு, "எப்பத் தெரியும்?" என்று கேட்டார். "அன்னைக்கு ராவே. மரக்கறிக் கத்தியில கரட் எலை வாசம். நான் டீமேக்கர்டி." "பொறகு எதுக்கு இத்தன நாளு கோட்ட மாட்டிக்கிட்டுத் திரிஞ்சீங்க?" மாமா அதற்குப் பதில் சொல்லவில்லை. கோட்டின் காலரைச் சரி செய்துகொண்டு, "280க்கா குடுத்த? அன்னைக்கு நுவரெலியாவுல நானே கேட்டேன், 400" என்றார்.

"400ஆ!" அத்தை எழுந்த வேகத்தில் பிளேன்டீ கவிழ்ந்தது.

அடுத்த நாள் காலை வேன் சந்தியில் வந்து நின்றபோது மாமா கோட்டோடு போய், கதவில் சாய்ந்துகொண்டு, மெதுவாக ஆரம்பித்தார்: "ஒண்ணும் இல்ல தம்பி, நம்ம வீட்டுக்காரி ஒரு விஷயம் சொன்னா..."

கொலம்போவின் வீட்டுக்காரியை யாரும் பார்த்ததில்லை. மாமாவின் வீட்டுக்காரியை வேன்காரன் பார்த்தான், வேனுக்கு அந்தப் பக்கத்தில், சாவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றதை.