மேசை மேல் கிடந்த கோப்பு

இருபது வருட வேலையில் மூன்று துறைத்தலைவர்களிடம் நெருங்கி வேலை பார்த்துவிட்டேன். இப்போது அந்த நாற்காலியில் நானே. எங்கள் பல்கலைக்கழகத்தில் தலைமை சுழற்சி முறையில் வரும். தலைவர் மாறினால் சம்பளம் மாறாது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி சொன்னபடி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு, பேராசிரியருக்கு 14, அதுவும் மாறாது. ஆய்வகக் கூரை ஒழுகுவதும் அப்படியே. திங்கட்கிழமை காலை பஸ்ஸை விட்டு இறங்கும்போது வயிற்றைக் கலக்குமா கலக்காதா என்பது மட்டும் ஆளுக்கு ஆள் மாறியது.

முதலாமவர் வருகைப் பதிவேட்டை ஒன்பதரைக்குத் தன் அறைக்கு எடுத்துப் போய்விடுவார். இரண்டு நிமிடம் தாமதமானவர் அவர் எதிரே நின்றுதான் கையெழுத்துப் போட வேண்டும். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். அதுதான் தாங்காது. நான் தாவரவியல். முதுகலை மாணவர்களைக் கொல்லிமலைக்குக் கள ஆய்வுக்கு அழைத்துப் போக அனுமதி கேட்டுக் கோப்பு வைத்தேன். "பார்க்கலாம்மா" என்றார். இரண்டு வாரம் கழித்தும் "பார்க்கலாம்மா". கோப்பு அவர் மேசையில் இடது ஓரத்தில் இருப்பது கதவோரம் நின்றாலே தெரியும். மேலே வேறு கோப்புகள் ஏற ஏற, என்னுடையதின் பச்சை நாடா மட்டும் வெளியே தொங்கியது. பருவம் முடிந்தது. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய்ப் பார்க்க வேண்டிய பெரணிகளை, செடியை உலர்த்தி ஒட்டிவைத்த ஹெர்பேரியம் தாளில் காட்டி நடத்தினேன்.

அப்போது ஏ.பி.ஐ. மதிப்பெண் வேறு வந்திருந்தது. 2010இல் யுஜிசி கொண்டுவந்த முறை. கட்டுரைக்கும் கருத்தரங்குக்கும் புள்ளி, புள்ளிக்குப் பதவி உயர்வு, அதற்கும் அவர் கையெழுத்து. துறையில் யாரும் யாரிடமும் என்ன எழுதுகிறோம் என்று சொல்வதை நிறுத்திவிட்டோம். ஒன்று சொல்ல வேண்டும்: அவர் காலத்தில் ஒரு தணிக்கை ஆட்சேபணைகூட வந்ததில்லை.

இரண்டாமவர் தங்கமானவர். நீட்டிய இடத்தில் கையெழுத்து, நாலு மணிக்கு அவர் செலவில் வடை. ஆனால் ஒரே பாடத்தை இரண்டு பேர் கேட்டால், "நீங்களே பேசி முடிச்சுக்கங்க" என்பார். பேசத் தெரிந்தவர்கள் முடித்துக்கொண்டார்கள். பேசாதவர்களுக்கு மதிய ஆய்வக வகுப்பு, கூடுதல் தேர்வுக் கண்காணிப்பு. மிச்சம் மீதியெல்லாம் கௌரவ விரிவுரையாளர்கள் தலையில். நான் பேசாத கட்சி.

மேலாண்மைத் துறை நண்பர் ஒருவர் அப்போது ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளரைப் பற்றிச் சொன்னார். பிட்ஸ்பர்க் பக்கம் பொறியாளர்களையும் கணக்கர்களையும் விசாரித்து 1959இல் நூலாக வெளியிட்டவர். சம்பளம், மேலதிகாரி, விதிமுறை இவையெல்லாம் கெட்டால் மனம் கசக்கும், நன்றாக இருந்தாலோ பெரிய மகிழ்ச்சி வந்துவிடாது. மகிழ்ச்சி வேலையிலிருந்தும் சாதிப்பதிலிருந்தும்தான் என்பது அவர் கட்சி. எனக்கு முழுதாக ஒப்பவில்லை. என் வேலை கொல்லிமலையில் இருந்தது. வழி மேலதிகாரியின் மேசை வழியாகப் போனது. இரண்டையும் எப்படித் தனித்தனியாகப் பிரிப்பது?

மூன்றாவதாக வந்த மேடம் முதல் கூட்டத்திலேயே பாடப் பங்கீட்டுத் தாளை நடுவில் விரித்தார். யாரும் தொட விரும்பாத மதியம் இரண்டு மணி வகுப்புக்கு நேரே தன் பெயரை எழுதிவிட்டு, பேனாவை எங்களிடம் தள்ளினார். கல்லூரிகள், பல்கலைக்கழகங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வருவதற்கு முன் நான் கொடுத்த ஆய்வுக் கட்டுரைப் பட்டியலில் சில கட்டுரைகள் இரண்டு முறை ஏறியிருந்தன. பதிவாளர் அறையில் அவர் சொன்னது: "நான் சரிபார்த்திருக்கணும் சார்." துறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்திவிட்டு என்னை இருபது நிமிடம் வாங்கினாரே ஒரு வாங்கு! மென்மையானவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

கொல்லிமலைக் கோப்பை அவரும் முதலில் மறுத்தார். "அக்டோபர்ல மழை, மண் சரியும். ஜனவரில போங்க. பஸ்ஸுக்கு நான் பேசறேன்." ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முடியாது என்று கேட்டுவிட்டு வெளியே வந்தவள் சிரித்துக்கொண்டே வந்தேன். ஜனவரியில் போனோம். அந்த வருடம் எழுதிய இரண்டு கட்டுரைகளுக்கு என்ன புள்ளி என்று நான் கணக்குப் பார்க்கவே இல்லை.

போன மாதம் கௌரவ விரிவுரையாளர் ஒருவர் என் கதவோரம் வந்து நின்றார். "மேடம், அந்த செமினாருக்கு ஓ.டி. பர்மிஷன்..." நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பார்க்கலாம்ப்பா" என்றேன். "சரிங்க மேடம்" என்று போய்விட்டார். சொன்ன சொல் காதில் விழ எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மேசையைக் கிளறினேன். நாக் கோப்புகளுக்கு அடியில், பதினோரு நாளைக்கு முந்தைய தேதியில், அவர் கடிதம். கருத்தரங்கு மறுநாள் காலை திருவனந்தபுரத்தில். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன் செய்தேன்.

"பரவாயில்லைங்க மேடம்," என்றார். "டிக்கெட்டை நேத்தே கேன்சல் பண்ணிட்டேன்."