இரண்டு செஸ்னாக்களில் ஒன்று

2024 ஜூலை 6, சனி

விடியற்காலையில் வீசிய சுமத்ரா சூறைக்காற்று அடங்கி வானம் வெளுப்பதற்குள் விமானம் ஓட்டப் பழக எனக்கு ஒதுக்கியிருந்த நேரம் முடிந்து, விமானம் அடுத்த மாணவரிடம் போய்விட்டது. பிற்பகலில் இடிமழை பிடித்துக்கொள்ளும் என்பதால் ஜோகூரின் செனாய் விமான நிலையத்தில் எல்லாருக்கும் காலை நேரமே வேண்டியிருக்கிறது. வார இறுதியில் மட்டும் சிங்கப்பூரிலிருந்து கடற்பாலம் தாண்டிப் போகும் நான் வாடகை விமானத்தை நம்பிப் பயிற்சியை முடிப்பது கடினம். ஆகவே அண்ணனும் நானும் பாதிப்பாதி போட்டு ஒரு விமானம் வாங்குவதென்று முடிவெடுத்தோம். விலைக்கு வந்துள்ள இரண்டும் எழுபதுகளில் தயாரான செஸ்னா 172 என்ற ஒற்றை எஞ்சின் சிறு விமானங்கள். இரண்டிலும் 150 குதிரைத்திறன் கொண்ட லைக்கமிங் எஞ்சின்.

ஜூலை 13, சனி

முதல் விமானம் புது வண்ணப்பூச்சும் தோல் இருக்கைகளுமாகக் கண்ணைப் பறிக்கிறது. எஞ்சினைப் பிரித்துப் புதுப்பித்தபின் 300 மணிநேரமே ஓடியிருப்பதால் அண்ணனுக்கு அதன்மேல்தான் ஆசை. பதிவேட்டைப் புரட்டினால், புதுப்பித்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. கடைசி இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய பறக்கவே இல்லை. லைக்கமிங் நிறுவனம் மறுபுதுப்பிப்புக்குச் சொல்லும் கெடு 2,000 மணிநேரம் அல்லது 12 ஆண்டுகள், இவற்றில் எது முந்துகிறதோ அது. மற்றொன்று, எஞ்சினைப் புதுப்பித்தபின் 1,400 மணிநேரம் ஓடிய பயிற்சி விமானம். வண்ணம் மங்கியிருந்தாலும் வாரம் தவறாமல் பறந்திருக்கிறது.

இந்த எஞ்சினில் வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம் தண்டு மேற்புறத்தில் இருப்பதால், ஓடாமல் நின்றால் அதன்மேல் படிந்த எண்ணெய் வடிந்துவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் துருப் பிடிக்க அது போதும். ஒரு சிலிண்டரைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேட்டோம், உரிமையாளர் சம்மதிக்கவில்லை. அதோடு எனக்கு அந்த விமானத்தின்மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது.

ஜூலை 20, சனி

பயிற்சி விமானத்தைச் சோதிக்க, ஜோகூரைச் சேர்ந்த அனுபவமிக்க மெக்கானிக் ஒருவரை அழைத்திருந்தோம். சிலிண்டருக்குள் 80 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு) அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, எவ்வளவு தங்குகிறது என்று ஒவ்வொன்றாக அளந்தார். மூன்றில் 76, ஒன்றில் 71. “இங்க வந்து காது கொடுத்துக் கேளும்மா” என்று புகைபோக்கிக் குழாயைக் காட்டினார். சன்னமாக ஒரு சீறல். காற்று அந்த வழியாகக் கசிந்தால் வெளியேற்று வால்வு சரியாகப் படியவில்லை என்று பொருள். எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்டிருந்தால் பிஸ்டன் வளையத் தேய்மானம். பிறகு எண்ணெய் வடிகட்டியை அறுத்து, உள்ளிருந்த மடிப்புத்தாளை வெயிலில் விரித்துப் பார்த்தார். உலோகத் துகள் ஒன்றுகூட மின்னவில்லை. “வால்வை நான் பாத்துக்கறேன், எஞ்சின் நல்லா இருக்கு” என்றார்.

ஜூலை 28, ஞாயிறு

அண்ணன் இன்னும் அந்தத் தோல் இருக்கைகளைப் பற்றிப் பேசுகிறார் என்றாலும், முன்பணத்தை இன்று பயிற்சி விமானத்துக்கே கொடுத்தோம். வால்வு வேலைக்கான செலவை விற்பவர் விலையில் கழித்துக்கொண்டார். புதுப்பிப்புக்கு மீதமிருப்பது 600 மணிநேரம்தான் என்பதால், பறக்கும் ஒவ்வொரு மணிநேரத்துக்கும் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போட்டுவர ஒப்புக்கொண்டிருக்கிறோம். காப்பீடும் உரிமை மாற்றமும் முடிந்ததும், என் பயிற்றுநருடன் இதிலேயே பாடத்தைத் தொடர்வேன்.