தோள் எலும்பு பருப்பதில்லை

போன மாதம் அலுவலகத்தில் ஒரு பெரிய கூட்டம். மூன்று வருடமாக நானும் என் குழுவும் செய்துவந்த வேலையைப் பற்றி நான்தான் எல்லார் முன்னாலும் நின்று பேச வேண்டும். என்ன பேசுவது என்பதை இரண்டு ராத்திரியில் எழுதி முடித்துவிட்டேன். என்ன உடுத்திக்கொண்டு பேசுவது என்பதற்குத்தான் மூன்று வாரம் பிடித்தது.

நான் தேடியது முழுக்கை வைத்த ஒரு காட்டன் சட்டை, நல்ல மஞ்சள் நிறத்தில். அவ்வளவுதான். என் மார்புச் சுற்றளவு 48 இன்ச், இடுப்பு 43, சீட், அதாவது பின்புறச் சுற்றளவு, 51, புஜம் 17. இந்த எண்களை எழுத எனக்குத் தயக்கம் இல்லை. இந்த உடம்போடுதான் வேலைக்குப் போகிறேன், மாடி ஏறுகிறேன், அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். இன்னொரு எண்ணையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஷோல்டர் 15 இன்ச். நான் சொல்ல வந்ததெல்லாம் அந்தப் பதினைந்தைப் பற்றித்தான்.

முதல் கடையில் நான் வாயைத் திறக்கும் முன்பே, "உங்க சைஸ் வராதுக்கா" என்று விற்பனைப் பெண் சொல்லிவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அலமாரியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் எனக்காக ஒரு மடிப்பைக்கூடப் பிரித்துப் பார்க்க யாரும் கை நீட்டாத அந்த நொடி, இத்தனை வருடப் பழக்கத்துக்குப் பிறகும் வலிக்கிறது.

இன்னொரு கடையில் பெரிய சைஸுக்கென்று தனிப் பகுதியே இருந்தது. த்ரீ எக்ஸ்எல் சட்டையைப் போட்டேன். ஷோல்டர் கிட்டத்தட்ட சரியாக உட்கார்ந்தது, ஆனால் மூன்றாவது பட்டனுக்கும் நான்காவது பட்டனுக்கும் நடுவே வாய் பிளந்து உள்ளாடை தெரிந்தது. சரி என்று ஃபைவ் எக்ஸ்எல் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். பட்டன் மூடியது. ஷோல்டர் தையலோ தோளிலிருந்து இறங்கிப் புஜத்தில் வந்து நின்றது. கழுத்து அகன்று ஒரு பக்கம் சரிந்தது. கை நீளம் விரல் நுனிவரை வந்தது, ஆனால் அதே கை புஜத்தில் பிடித்தது. ஒரே சட்டை எனக்கு ஓரிடத்தில் மிகப் பெரியதாகவும் ஓரிடத்தில் மிகச் சின்னதாகவும் இருந்தது. எதையாவது எடுக்கப்போவதுபோல் கையைத் தூக்கினேன். சட்டை முழுவதும் என்னோடு சேர்ந்து மேலே ஏறி வயிற்றில் நின்றது.

டிரையல் ரூம் கண்ணாடி முன்னால் இப்படி நின்றவர்களுக்கு அடுத்து என்ன தோன்றும் என்று தெரியும். நம் உடம்பில்தான் ஏதோ கோணல் என்று தோன்றும். எனக்குப் பதினாறு வயதிலிருந்து அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது.

அந்தச் சட்டையை வாங்கிக்கொண்டே வந்துவிட்டேன். முப்பது வருடம் தையல் வேலை பார்த்த அம்மாவிடம் கொடுத்து, இதைச் சின்னதாக்கித் தர முடியுமா என்று கேட்டேன். அம்மா சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் தரையில் விரித்தாள். இன்ச் டேப்பை வைத்து ஷோல்டரை அளந்தாள். பதினெட்டரை. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "உடம்பு போட்டா தோள் எலும்பும் சேர்ந்தா வளரும்? இதை வெட்டினவங்க அப்படித்தான் நினைச்சிருக்காங்க" என்றாள்.

முப்பது வருடமாக நான் தேடிய விளக்கம் அந்த ஒரு வரியில் இருந்தது.

ஆயத்த ஆடை தயாராகும் முறை இதுதான். முதலில் ஒரு நடுத்தர அல்லது சின்ன அளவில் மாதிரி ஆடை தைப்பார்கள். அதை ஒரு மாடலுக்குப் போட்டுப் பார்த்து, சுருக்கம் எடுத்து, அவருக்குக் கச்சிதமாக உட்காரும்வரை திருத்துவார்கள். அதை வெட்ட வரைந்த காகித மாதிரியை, அதாவது பேட்டர்னை, வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த சைஸுக்கு ஒவ்வோர் இடத்திலும் இவ்வளவு என்று கணக்கு வைத்துக் கூட்டிக்கொண்டே போவார்கள். இதற்கு கிரேடிங் என்று பெயர். பக்கத்துப் பக்கத்து சைஸுகளுக்கு இது நன்றாகவே பொருந்தும். ஆரம்பித்த இடத்திலிருந்து விலக விலகத்தான் பிழை சேர்ந்துகொண்டே போகும். மார்பு 34இலிருந்து 48க்குப் போகும்போது தோளின் அகலம் அதே விகிதத்தில் போவதில்லை. சதை போடுவது மார்பில், வயிற்றில், புஜத்தில், முதுகில். அதுவும் ஆளுக்கு ஆள் வேறு. எனக்கும் என் தோழிக்கும் மார்புச் சுற்றளவு ஒன்றுதான். அவளுக்கு முதுகு அகலம், எனக்கு முன்பக்கம் கனம். ஒரே லேபிள் எங்கள் இருவருக்கும் எப்படிப் பொருந்தும்?

ஆர்ம்ஹோலைப் பற்றி அம்மா சொன்னது எனக்குப் புதிது. பெரிய உடம்புக்குக் கைக்குழி ஆழமாக இருந்தால் வசதி என்று நினைத்திருந்தேன். நேர்மாறாம். அக்குளுக்கு நெருக்கமாக, உயரமாக வெட்டினால்தான் கை தனியாக அசையும். ஆழமாக வெட்டினால் கையைத் தூக்கும்போது பக்கத்துணி முழுவதையும் இழுத்துக்கொண்டு போகும். கடையில் என் சட்டை வயிற்றுக்கு ஏறிய காரணம் அதுதான். கை அகலத்தைப் புஜத்தில் மட்டும் கூட்டி, டார்ட்டை, அதாவது உடம்பின் வளைவுக்காகத் துணியில் மடித்துத் தைப்பதை, ஆழமாக எடுத்து, மார்பின் முனைக்கு நேராக அதைத் திருப்பினால் பட்டன் பிளக்காது. பெரிய அளவுக்கென்று தனி அடிப்படை பேட்டர்ன் போட வேண்டும், அதை அந்த உடம்புள்ள மாடலுக்கே போட்டுப் பார்க்க வேண்டும். செலவு பிடிக்கும் வேலைதான். ஆனால் எப்படிச் செய்வது என்று தெரியாத வேலை கிடையாது.

1904இல் நியூயார்க்கில் கடை திறந்த லீனா பிரையன்ட் என்ற தையல்காரப் பெண்மணியைப் பற்றிப் படித்தபோது இது இன்னும் உறுத்தியது. லித்துவேனியாவிலிருந்து குடியேறியவர். கணவனை இழந்து, கைக்குழந்தையோடு தையல் மெஷினை நம்பிப் பிழைத்தவர். அவர் கடைதான் பிறகு லேன் பிரையன்ட் என்ற நிறுவனமாக வளர்ந்தது. பொறியாளரான இரண்டாவது கணவரோடு சேர்ந்து சுமார் 4,500 வாடிக்கையாளர்களின் உடம்பை அளந்து பார்த்திருக்கிறார். பருத்த பெண்கள் எல்லாரும் ஒரே வடிவத்தில் பருப்பதில்லை என்று கண்டு, வகை பிரித்து அதற்கேற்பத் துணி வெட்டியிருக்கிறார். நூறு வருடத்துக்கு முன்னால்!

1939-40இல் அமெரிக்க விவசாயத் துறை ஏறத்தாழ 15,000 பெண்களை ஆளுக்கு 59 இடங்களில் அளந்தது. அதிலும் வெள்ளையினப் பெண்களின் அளவுகளை மட்டுமே கணக்கில் வைத்துக்கொண்டார்கள். அந்த அளவுகளை அடிப்படையாக வைத்து 1958இல் பெண்கள் ஆடை சைஸுக்கு ஒரு பொதுத் தர அளவு வெளியானது. 1983இல் அதையும் விலக்கிக்கொண்டார்கள். இன்று ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றியதை சைஸ் என்று போட்டுக்கொள்கிறது. லேபிளில் உள்ள எண்ணைப் பார்த்து அழாதீர்கள் என்று என் அண்ணன் மகளுக்கும் அவள் தோழிகளுக்கும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அந்த எண்ணுக்கு எல்லா நிறுவனமும் பின்பற்றும் பொது அளவுகோல் என்று ஒன்று இல்லை.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய சைஸ் பகுதியில் கறுப்பு, கருநீலம், சாம்பல். பூ இருந்தால், சின்ன சைஸுக்குப் போட்ட பொடிப்பூ. "இது உங்களை ஒல்லியாக் காட்டும்" என்று சொல்லித்தான் விற்கிறார்கள். எனக்கு ஒல்லியாகத் தெரிய வேண்டாம். எனக்கு மஞ்சள் பிடிக்கும். காலையில் மஞ்சளைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தால் அன்றைய நாள் முழுக்க என் நடையே வேறு. உடம்பை மறைக்கத் துணி தேடுகிறோம் என்று ஏன் எல்லாரும் நினைக்கிறார்கள்? அழகாக இருக்கத் தேடுகிறோம்.

இப்போது கடைக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது ஷோல்டரை. தையல் என் எலும்பு முடியும் இடத்தில் இருக்கிறதா? பிறகு உட்கார்ந்து பார்ப்பேன், கையைத் தூக்கிப் பார்ப்பேன். பக்கத் தையல் நேராகத் தொங்காமல் முன்னால் இழுத்தால் வயிற்றுக்குத் துணி போதவில்லை என்று அர்த்தம். உள்ளே துணி விட்டுத் தைத்திருக்கிறார்களா என்றும் திருப்பிப் பார்ப்பேன். விட்டிருந்தால் பிரித்துக்கொள்ளலாம். பெரும்பாலும் விடுவதில்லை.

மஞ்சள் சட்டை கடையில் கிடைக்கவே இல்லை. துணி எடுத்துவந்தேன். அம்மாவுக்கு இப்போது ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியாது, கோப்பது என் வேலை. பழைய செய்தித்தாளில் பேட்டர்ன் வரைந்து, முதலில் ஒரு பழைய படுக்கை விரிப்பில் வெட்டி எனக்குப் போட்டுப் பார்த்தாள். இரண்டு தடவை பிரித்தாள். மார்புக்கு நேராக, பட்டன்களுக்கு நடுவில் உள்பக்கமாக ஒரு டிச் பட்டன் வைத்தாள்.

கூட்டத்தன்று திரையில் இருந்த வரைபடத்தின் மேல் மூலையைக் காட்டக் கையை நன்றாக உயர்த்தினேன். சட்டை இருந்த இடத்தில் இருந்தது. அதற்கப்புறம் சட்டையின் நினைப்பே எனக்கு வரவில்லை, பேச வந்ததை மட்டும் பேசினேன்.

அந்தச் செய்தித்தாள் பேட்டர்னை அம்மா சுருட்டி, மேலே என் பெயரைப் பென்சிலால் எழுதி, பீரோவில் வைத்திருக்கிறாள். அடுத்தது பேன்ட். சீட்டுக்குச் சரியாக இருப்பது இடுப்பில் ஏன் பின்னால் பிளந்து நிற்கிறது என்று கேட்டேன். இன்ச் டேப்பை எடுத்துவரச் சொன்னாள்.