செம்பனைக் காலிக் குலையிலிருந்து ரப்பர் பாலுக்கு: நானோ செல்லுலோஸ் கலந்த அனுபவம்

மலேசியாவில் பாகாவ் பக்கம் செம்பனை மில்களில், பழம் உதிர்த்த பின் மிஞ்சும் காலிக் குலை மலையாகக் குவிந்து கிடக்கும். மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. அதிலிருந்து செல்லுலோஸ் நானோ படிகம் (கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய குச்சிகள்) எடுத்து, ரப்பருக்கு வலு ஏற்ற ரப்பர் பாலில் கலப்பதில்தான் வேலை இருக்கிறது.

நாரில் எண்ணெய்ப் பசை ஒட்டியிருக்கும். முதலில் வெந்நீரில் நன்றாக அலச வேண்டும். இல்லையென்றால் காஸ்டிக் சோடாவில் சோப்பு நுரை பொங்கும். 4 சதவீதக் கரைசலில் 80 டிகிரியில் 2 மணி நேரம் வேகவைத்து, பிறகு சோடியம் குளோரைட்டும் அசிட்டிக் அமிலமும் சேர்த்து வெளுக்கிறோம். அப்போது கிளம்பும் வாயு நச்சு. புகை உறிஞ்சும் பெட்டி இல்லாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

அடுத்தது 64 சதவீத சல்ஃபூரிக் அமிலம்: 1 கிராம் உலர்ந்த நாருக்கு 15 மில்லி, 45 டிகிரி, 45 நிமிடம். நேரம் முடிந்ததும் பத்து மடங்கு ஐஸ் தண்ணீரில் கொட்டி நிறுத்திவிட்டு, சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி, டயாலிசிஸ் பையில் (அமிலத்தை வெளியே விட்டு, படிகத்தை உள்ளே நிறுத்தும் சவ்வுப் பை) அமிலம் போகும்வரை தண்ணீர் மாற்ற வேண்டும். கொஞ்சம் அமிலம் மிஞ்சினாலும் பால் கட்டிவிடும். ரப்பர் ஷீட் போட பாலில் பார்மிக் ஆசிட் ஊற்றும்போது நடப்பதேதான் இது. கலப்பதற்கு முன் அம்மோனியா விட்டு பிஹெச் 10க்குக் கொண்டுவந்தால் பயமில்லை.

பலர் சறுக்குவது குச்சியின் அளவில். சிறியதாக்கினால் நல்லது என்று அமிலத்தில் கூடுதல் நேரம் விடுகிறார்கள். குச்சி மெலிந்தால் லாபம் உண்டு: 20 மைக்ரான் தடிமனுள்ள நாருக்கு ரப்பரைத் தொடும் பரப்பு கிராமுக்கு 0.125 சதுர மீட்டர். 10 நானோமீட்டர் தடிமனுள்ள குச்சிக்கு 250. ஆனால் கூடுதல் நேரத்தில் நீளம்தான் வெட்டுப்படுகிறது. குச்சிகள் ஒன்றையொன்று தொட்டு வலை பின்னத் தேவையான கன அளவுப் பங்கு, 0.7ஐ நீள-விட்ட விகிதத்தால் வகுத்தால் வரும். விகிதம் 50 என்றால் 1.4 சதவீதம், அதாவது 100 பங்கு ரப்பருக்கு எடையில் சுமார் 2.5 பங்கு. விகிதம் 20 என்றால் 6 பங்குக்கும் மேல். குட்டைக் குச்சியை 3 பங்கு போட்டுவிட்டு வலு ஏறவில்லையே என்று பாலைக் குறை சொல்லிப் பயனில்லை.

படிகத்தை உலர்த்திப் பொடியாக்கி வைக்காதீர்கள். ஒட்டிக் கட்டியானது மறுபடி பிரியாது. 60 சதவீத ரப்பர் உள்ள பால் 100 கிராமுக்கு, 2 சதவீதப் படிகக் கரைசல் 90 கிராம் ஊற்றினால் 3 பங்கு கணக்கு சரி. மெதுவாகக் கிளறி, குமிழி அடங்க விட்டு, 40 டிகிரியில் நிதானமாக உலர்த்துங்கள். தண்ணீர் வற்றும்போதுதான் வலை பின்னுகிறது. காய்ந்த படலத்தை ரோல் மில்லில் (இரு உருளைகளுக்கிடையே அரைக்கும் எந்திரம்) விட்டால் அந்த வலை அறுந்துபோகும்.