அட்டை கேட்காத வாசல்கள்

என் மனைவிக்கு டொராண்டோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்து நாங்கள் கனடாவுக்கு வந்து சேர்ந்தபோது, அவளுக்கு ஆய்வகம் இருந்தது. எனக்கு வேலை அனுமதி மட்டும் இருந்தது, வேலை இல்லை. வங்கிக் கணக்கு, சுகாதார அட்டை, வாடகை ஒப்பந்தம், கைப்பேசி இணைப்பு என்று மேசை மேசையாக ஏறி இறங்கியதிலேயே முதல் இரண்டு மாதங்கள் ஓடிவிட்டன. எந்த மேசைக்குப் போனாலும் முதலில் பாஸ்போர்ட்டைக் கேட்டார்கள், அடுத்து முகவரிச் சான்றைக் கேட்டார்கள். வேலைக்குப் போன இடங்களில் மட்டும் கூடுதலாகக் 'கனடிய அனுபவம்' கேட்டார்கள். சான்றிதழ்க் கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு அலைந்த எனக்கு, ஒன்றையும் காட்டாமல் நுழைந்து உட்காரக்கூடிய இடம் அவளுடைய பல்கலைக்கழக வளாகத்திலேயே இருக்கிறது என்பது தற்செயலாகத்தான் தெரிய வந்தது.

ஒரு வியாழக்கிழமை நண்பகலில் குளிருக்கு ஒதுங்க இசைத் துறையின் எட்வர்ட் ஜான்சன் கட்டடத்துக்குள் போனேன். அங்குள்ள வால்டர் அரங்கில் மதிய நேர இலவசக் கச்சேரி தொடங்கவிருந்தது. வாசலில் நின்ற மாணவி என் கையில் நிகழ்ச்சிக் குறிப்பைக் கொடுத்தாளே தவிர, நான் யார் என்று கேட்கவில்லை. நாலு பேர் வயலின், வியோலா, செல்லோவுடன் வந்து அமர்ந்தார்கள். முதல் பகுதி அத்தனை விறுவிறுப்பாக முடிந்ததும் நான் கை தட்டிவிட்டேன். அரங்கம் முழுவதிலும் கேட்டது என் கைதட்டல் ஒன்றுதான். முன்வரிசை முதியவர் ஒருவர் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார். ஒரு படைப்பின் எல்லாப் பகுதிகளும் முடிந்த பிறகே தட்ட வேண்டும் என்பதும், இடையில் வரும் மௌனம் இருமிக்கொள்வதற்கு உரியது என்பதும் அன்றைக்குப் படித்த பாடம். நல்ல சங்கதி விழுந்தால் தலையை ஆட்டி, நாக்கால் 'ச்' கொட்டி, தொடையில் தாளம் போட்டே பழகியவன், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் அடுத்த வியாழக்கிழமையும் போனேன்.

அதன்பிறகு சுவரொட்டிகளைப் படிப்பதே தொழிலாயிற்று. திரையிடல், நூல் விவாதம், மாணவர் நாடகம், ஓவியக் காட்சி என்று வாரத்துக்கு நாலைந்தாவது தேறும். அவற்றில் பலவற்றுக்கு மாணவராக இருக்க வேண்டியதில்லை, சிலவற்றுக்கு முன்பதிவு செய்தால் போதும்.

அதிகம் போனது வளாகத்தின் மாணவர் மையமான ஹார்ட் ஹவுசுக்குத்தான். மாசி (Massey) என்ற தொழிலதிபர் குடும்பத்தார் கொடையாகக் கட்டிக்கொடுத்த அந்தக் கற்கட்டடம் 1919 நவம்பர் 11 அன்று, முதல் உலகப் போர் ஓய்ந்து சரியாக ஓராண்டு நிறைந்த நாளில் திறக்கப்பட்டது. கீழ்த்தளத்தில் நாடக அரங்கு, மேலே நூலகம், கலைக்கூடம், விவாதங்கள் நடக்கும் அறை என்று மாணவரின் ஓய்வுநேரம் முழுவதற்கும் இடம் வைத்துக் கட்டியவர்கள், மாணவிகளுக்கு மட்டும் இடம் வைக்கவில்லை. 1957இல் அன்றைய அமெரிக்க செனட்டர் ஜான் எஃப். கென்னடி அங்கே விவாதத்தில் பேச வந்தபோது, உள்ளே விடாததை எதிர்த்து மாணவிகள் வெளியே நின்று போராடினார்கள். பெண்கள் முழு உறுப்பினராவதற்கு 1972 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று மாணவர் கட்டணத்தோடு சேர்ந்தே வரும் உறுப்புரிமை என் மனைவிக்கு உண்டு, எனக்கு இல்லை. அவள் பின்னால் நான் நுழையும்போதெல்லாம் அந்த மாணவிகளின் நினைவு வரும். சிரிப்பும் வரும், கொஞ்சம் கூச்சமும் வரும்.

எந்த நிகழ்ச்சியானாலும் தொடக்கத்தில் ஒருவர் எழுந்து, இந்த நிலம் பல்லாயிரம் ஆண்டுகளாக ஹ்யூரான்-வெண்டாட், செனெகா, கிரெடிட் நதி மிசிசாகா ஆகிய பூர்வகுடி மக்களுக்கு உரியது என்று வாசிப்பார். முதலில் அதைக் கடவுள் வாழ்த்து போலச் சடங்காக எடுத்துக்கொண்டேன். சிலர் வாசிக்கும் வேகத்தைப் பார்த்தால் சடங்கு என்றே இப்போதும் தோன்றும். ஆனால் குடியேறிய நாட்டில் நாம் யாருடைய நிலத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை எந்தக் குடிவரவு அலுவலரும் எனக்குச் சொல்லவில்லை. அதைச் சொன்னது இந்த அரங்குகள்தான்.

அதே பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகத்துக்குப் போக எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேருந்து மாற வேண்டும். ஜான் ஆண்ட்ரூஸ் என்ற ஆஸ்திரேலியர் வடிவமைத்து 1960களில் எழுப்பிய அந்தக் கான்கிரீட் கட்டடத்தை முதலில் பார்ப்பவர்கள் அணைக்கட்டு என்றுதான் நினைப்பார்கள். அங்குள்ள கலைக்கூடத்துக்கு ஓவியர் டோரிஸ் மெக்கார்த்தியின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அவர் அதே வளாகத்தில் ஆங்கில இலக்கியம் படித்து 1989இல் பட்டம் பெற்றபோது எண்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். முப்பத்தாறு வயதில் 'இனி எங்கே' என்று உட்கார்ந்திருந்தவனுக்கு அந்தப் பெயர்ப்பலகையின் முன்னால் நிற்கவே கூசியது.

தமிழ் மரபுத் திங்களுக்காக அங்கே போனேன். ஒண்டாரியோ மாகாணம் 2014இல் சட்டமாகவும், கனடிய நாடாளுமன்றம் 2016இல் தீர்மானமாகவும் சனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றன. அதே வளாகத்தில் தமிழ் இருக்கை அமைப்பதற்கான 30 லட்சம் டாலர் இலக்கும் உலகத் தமிழரின் நன்கொடையால் 2021இல் எட்டப்பட்டது. மாணவர்கள் நடத்திய பொங்கல் விழாவுக்கு நாற்காலி போட ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். நாற்காலி போட எந்த நாட்டு அனுபவமும் தேவையில்லை என்பதால் ஒப்புக்கொண்டேன். அவர்களில் பலர் ஈழத்துக் குடும்பங்களின் பிள்ளைகள், கனடாவிலேயே பிறந்தவர்கள். சுவரொட்டியில் ஊர்ப் பெயரை 'ரொறன்ரோ' என்று எழுதியிருந்தார்கள். நான் 'டொராண்டோ' என்றல்லவா வர வேண்டும் என்றேன். "அங்கிள், இஞ்ச எல்லாரும் இப்பிடித்தான் எழுதுவினம்," என்றான் ஒருவன். நாற்பது ஆண்டாக இங்கே வாழ்பவர்கள் எழுதும் முறைக்கு நாலு மாதம் முந்தி வந்தவன் திருத்தம் சொல்வது அழகல்ல என்று விட்டுவிட்டேன். இந்தக் கட்டுரையில் மட்டும் பழக்கம் விடவில்லை.

தீச்சுடர் ஏற்றக் கூடாது என்பதால் குத்துவிளக்கில் மின்கல விளக்குகள் எரிந்தன. தரையில் கறை படியக் கூடாது என்பதால் கோலத்துக்குப் பழுப்புத் தாளை நாலடி அகலத்துக்கு ஒட்டி விரித்திருந்தார்கள். அதன் ஓரத்தில் சுண்ணக்கட்டியோடு உட்கார்ந்திருந்த பெண், "அங்கிள், உங்களுக்குக் கோலம் போடத் தெரியுமோ? எங்கட அம்மம்மாவுக்குத்தான் தெரியும், அவ இப்ப லண்டனில," என்றாள். எனக்கா தெரியும்? ஆய்வகத்தில் இருந்த மனைவியைக் கைப்பேசியில் அழைத்தேன். "நடுவுல ஏழு வைங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணா குறைச்சு நாலுல நிறுத்துங்க. இடுக்குப் புள்ளி, நேர் கீழே வச்சிடாதீங்க," என்று சொல்லிவிட்டு, ஏதோ கருவி அலறுகிறதென்று வைத்துவிட்டாள். 37 புள்ளிகளும் வந்துவிட்டன. அவற்றைச் சுற்றிக் கோடு இழுப்பதற்கு இரண்டு தாள் வீணாயிற்று. மூன்றாவது தாளில், நான் வழி சொல்ல அவள் இழுத்தாளா, அவள் வழி சொல்ல நான் இழுத்தேனா என்று பிரித்துச் சொல்ல முடியாத வகையில் ஒரு சிக்குக் கோலம் தேறியது.

விழா முடிந்த பிற்பகலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் கோலத்தைப் படம் பிடித்து லண்டனுக்கு அனுப்பியிருந்தாள். பத்து நிமிடத்தில் அம்மம்மாவின் குரல்பதிவு வந்தது. வாழ்த்து ஏதுமில்லை, மூன்றாம் வரிசையில் ஒரு புள்ளியைக் கோடு சுற்றாமல் விட்டிருக்கிறது என்பது மட்டும் இருந்தது. இருவரும் போய்க் குனிந்து பார்த்தோம். விட்டுத்தான் போயிருந்தது.