சில்லறைச் செலவு இல்லாத கணக்கு

போடியிலோ கம்பத்திலோ கறுப்புப் பணம் ஓடுகிறதா என்று வங்கி ஊழியர் ஏலக்காய் வியாபாரிகளின் நடப்புக் கணக்கைப் பார்க்க உட்கார்ந்தால், நேர்மையான கணக்கே முதலில் திருட்டுக் கணக்கு மாதிரித் தெரியும். தோட்டம் இடுக்கியில், முதலாளி வீடு தேனி மாவட்டத்தில். இந்தப் பக்கம் எடுத்த ரொக்கம் மலைமேல் கூலியாகப் போகும். சந்தேகம் என்று கணினி அலர்ட் அடித்துக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் வெறும் சத்தம்.

ஆகவே பெரிய தொகையை விட்டுவிட்டுச் கணக்கிலிருந்து போகும் சின்னச் செலவுகளைப் பார்ப்பது நல்லது. நிஜ வியாபாரிக்கு வடக்கே இருந்து ஆர்டிஜிஎஸ் வழியே பெரிய தொகை வரும், ஏல நிறுவனத்துக்குப் பணம் போகும். நடுநடுவே லாரி வாடகை, கரண்ட் பில், காய் தரம் பிரிக்கும் பெண்களுக்குக் கூலி, ஜிஎஸ்டி. போலிக் கணக்கில் கோடி வரும், கோடி போகும். சாக்கு வாங்கிய காசுகூட இருக்காது. காலையில் பத்து ரூபாய் சோதனை வரவு, பிறகு ஊர் பேர் தெரியாத பலரிடமிருந்து யுபிஐ, அரைமணியில் ஐஎம்பிஎஸ் என்ற உடனடிப் பரிமாற்றம் வழியே வெளியே, மாலையில் இருப்பு சில நூறு. கமிஷன் வாங்கிக்கொண்டு அடுத்தவர் பணம் ஓட வாடகைக்கு விட்ட கணக்கின் நடை இதுதான்.

சரக்குக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். கிலோ 2,500 ரூபாய் என்று வைத்தால் 2 கோடிக்கு 8 டன், 50 கிலோ மூட்டையில் 160. பத்துக்குப் பத்து கடையில் அது எங்கே அடுக்கியிருக்கும்? அறுவடை ஓய்ந்த சித்திரையில் வரவு உச்சத்துக்குப் போனால் பழைய இருப்பை விற்றதாகச் சொல்வார்கள். உண்மையாகவும் இருக்கலாம், கிடங்கு வாடகை போயிருக்கிறதா பாருங்கள். ஒரே தொகை மூன்று நிறுவனங்களைச் சுற்றி, ஒன்றிரண்டு சதவீதம் தேய்ந்து திரும்பி வந்தால் அது சரக்கே இல்லாத வெறும் பில் வியாபாரம்.

ரொக்கத்தைப் பிரித்துப் போடுவது பழைய வித்தை. பான் கேட்பார்களே என்று 49,000. 10 லட்சம் தாண்டக்கூடாதென்று 9,80,000, அதுவும் வேறு வேறு கிளைகளில். தொடர்புள்ள ரொக்க நடவடிக்கைகள் மாதத்தில் 10 லட்சம் தாண்டினாலே வங்கியின் ரொக்க அறிக்கைக்குள் வந்துவிடும், அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குப் போய்விடும். பிரித்துப் போட்டதே தனிச் சந்தேகமாகிறது.

வேலை கெடுவது பெரும்பாலும் எழுத்தில். ‘வாடிக்கையாளர் விளக்கம் அளித்தார்’ என்று அலர்ட்டை மூடிவிடுகிறார்கள். என்ன விளக்கம், எந்த ரசீது என்று ஒரு வரி இருக்காது. அந்தப் பிரிவுக்குச் சந்தேக அறிக்கை அனுப்பும்போதும் ‘சந்தேகத்துக்குரியது’ என்றால் போதாது. கணக்குத் திறக்கும்போது சொன்ன ஆண்டு விற்றுமுதல் எவ்வளவு, ஒரே மாதத்தில் வந்தது எவ்வளவு, யாரிடமிருந்து, எத்தனை நிமிடத்தில் எங்கே போனது, பின்னால் உள்ள உண்மையான உரிமையாளர் யார் என்று எழுத வேண்டும். சந்தேகம் உறுதியானதும் அறிக்கை தாமதமில்லாமல் போக வேண்டும். இதற்கிடையில் அந்த வியாபாரி அண்ணாச்சி கவுண்டருக்கு வந்தால் பில்லும், சரக்கு லாரியில் போனதைக் காட்டும் இ-வே பில்லும் வழக்கம்போலக் கேட்கலாம். அறிக்கை போவதை மட்டும் ஜாடையாகக்கூடச் சொல்லக்கூடாது, சட்டம் தடுக்கிறது.