ரோபோ உதவியோடு என் வால்வு ரிப்பேர்

இதயத்தில் இருக்கும் மைட்ரல் வால்வில் கசிவு இருப்பது எனக்குப் பழைய செய்திதான். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு எக்கோ ஸ்கேனைப் பார்த்த டாக்டர், இனி தள்ளிப்போட வேண்டாம், ரோபோ உதவியோடு செய்தால் நெஞ்செலும்பை அறுக்காமலே ரிப்பேர் செய்யலாம் என்றார். வீட்டில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: மெஷினே அறுக்குமா? அறுக்காது. சர்ஜன் சற்றுத் தள்ளி கன்சோலில் உட்கார்ந்து, பெரிதாகத் தெரியும் முப்பரிமாணப் படத்தைப் பார்த்தபடி விரல்களை அசைக்க, விலா இடுக்கு வழியாக உள்ளே போன கருவிகள் அதையே சின்ன அளவில் செய்கின்றன, கை நடுக்கத்தை மட்டும் கழித்துவிட்டு. 1998-லேயே பாரிஸில் பிரெஞ்சு இதய சர்ஜன் கார்ப்பான்டியேவின் குழுவினர் இப்படி மைட்ரல் வால்வை ரிப்பேர் செய்திருக்கிறார்கள்.

ஆனால் இந்த முறை நமக்கு ஒத்துவருமா என்பதில் பாதி சி.டி. ஸ்கேனிலேயே தெரிந்துவிடுகிறது. இதயத்தை நிறுத்தி வைத்துத்தான் வேலை நடக்கும். அந்த நேரத்தில் ரத்தத்தைச் சுற்றவிடும் இயந்திரத்தின் குழாய்களைத் தொடை இடுக்கு வழியாகச் செருகுவார்கள். அங்கே ரத்தக்குழாய் குறுகியோ கால்சியம் படிந்தோ இருந்தால் வேறு வழிதான் பார்க்க வேண்டும். வலது நுரையீரலைச் சுருக்கி வைப்பதால் அதற்கும் தனிப் பரிசோதனை உண்டு.

ஒப்புதல் படிவத்தில் ‘தேவைப்பட்டால் நெஞ்சைத் திறப்போம்’ என்ற வரி இருந்தது. இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், எத்தனை பேருக்குப் பாதியில் நெஞ்சைத் திறக்க வேண்டி வந்தது என்று நேராகவே கேட்டேன். டாக்டர் சங்கடப்படாமல் பதில் சொன்னார். அந்தப் பதிலை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன், மெஷினை நம்பி அல்ல.

கண் விழித்தபோது வாயில் ட்யூப், விலாவில் வடிகுழாய். ‘சின்னத் துளைதானே’ என்று பார்க்க வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள், துளை சின்னதுதான், ஆனால் விலா நரம்பு வலி இருமும்போது உயிரை எடுக்கும். தலையணையை அணைத்துக்கொண்டு இருமச் சொன்னார்கள், அது உதவியது. அப்புறம் மூச்சுப் பயிற்சிக்குக் கொடுக்கும் அந்த மூன்று பந்துக் கருவி: ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும், முதல் பந்து எழும்பவே பெரும்பாடு. நெஞ்சுக் காயத்தை விடத் தொடை இடுக்குக் காயம்தான் அதிக நாள் படுத்தியது, உட்கார்ந்து எழுந்தாலே சுருக்கென்று இழுக்கும். அங்கே நீர் கோத்து வீங்கினால் உடனே காட்டச் சொல்லியிருந்தார்கள். எலும்பு அறுபடாததால் ஒருக்களித்துப் படுக்க முடிந்தது.

வால்வைச் சுற்றி ஒரு வளையம் தைத்திருக்கிறார்கள். அதில் கிருமி தொற்றிவிடாமல் இருக்க, பல் பிடுங்கப் போனால்கூட முன்னதாக ஆன்டிபயாடிக் எடுக்க வேண்டும், பல் டாக்டரிடம் நாமேதான் சொல்ல வேண்டும்.